ஓட்டுநர் மறைத்த குறட்டை

இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர் அவர். ஒரு விபத்து கிடையாது, ஒரு புகார் கிடையாது. ஆனால் எட்டு மணி நேரம் தூங்கினாலும் அடித்துப் போட்ட மாதிரிதான் எழுந்திருப்பார். "மாவு மெஷினுக்குக் கழுத்தை நீட்டிட்டேன்" என்று அவர் குறட்டையைக் கேலி செய்வாள் மனைவி. நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி கிளம்பும்போது மட்டும் அவளுக்குச் சிரிப்பு வராது.

வேலையிடத்தில் விஷயம் தெரிந்தவர் நடத்துநர் ஒருவர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய டிரிப்பில், சிக்னலில் நின்றாலே ஓட்டுநருக்குத் தலை சரியும். அதனால் இறங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, நிறுத்தத்துக்கு நிறுத்தம் விசில் ஊதுவார் நடத்துநர். பச்சை விழுந்தால் அதற்கும் ஒன்று. பயணிகள் அவருக்கு 'விசில் பைத்தியம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பது பேர் உயிரை ஒரு விசிலை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேரும். அதற்கு நட்பு என்று பெயராம்!

டிப்போ மருத்துவப் பரிசோதனையில் வருடா வருடம் கேட்பார்கள், தூக்கம் எப்படி என்று. "படுத்தா போதும் சார், தூங்கிடுவேன்" என்பார். ஸ்டியரிங்கை விட்டால் பிழைக்க வேறு வழி தெரியாது என்ற பயம்தான்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று பள்ளியிலிருந்து ஆள் விட்டுச் சொன்னார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் சிடுசிடுப்பு. சோம்பேறி என்று ஆசிரியை திட்ட, ஓட்டுநரும் தன் பங்குக்கு முதுகில் இரண்டு வைத்தார். மனைவிதான் பிடிவாதம் பிடித்து டாக்டரிடம் இழுத்து வந்தாள்.

குழந்தையின் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. "சோம்பேறித்தனம் இல்லைங்க. டான்சில் வீங்கி மூச்சை அடைக்குது. ராத்திரியெல்லாம் இவ தூங்கவே இல்ல, மூச்சுக்குப் போராடிக்கிட்டு இருக்கா. சரி பண்ணிடலாம். வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

மனைவி கணவரைப் பார்த்தாள்.

'இல்லை' என்ற சொல் அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் மகள் அவர் தோளில் சாய்ந்து, நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. இத்தனை நாள் ஒரே அறையில் படுத்தும் அவர் இதைப் பார்த்ததில்லை. இந்தப் பிள்ளையையா அடித்தோம்? எண்ண ஆரம்பித்தார். ஏழு எண்ணியபின் திணறிக்கொண்டு வந்தது அடுத்த மூச்சு.

"எனக்கு இருக்கு டாக்டர்" என்றார். "நான் பஸ் டிரைவர். நாளைக்குக் காலையில வண்டி எடுக்கணும். எடுக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க."