அரண்மனைக் களிம்பு

பாப்பாவுக்கு நாற்பது வயது முடிந்துவிட்டது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் அப்பாவுக்கு அவள் பாப்பாதான்; புகுந்த வீட்டிலும் அந்தப் பேரே ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை. சோப்புத்தூளும் வெந்நீரும் சேர்ந்து அங்கே எல்லாப் பெண்களின் கைகளையும் வெடிக்க வைத்தன, பாப்பாவின் கையைத் தவிர. என்னடி ரகசியம் என்று மற்றவர்கள் பிடுங்கி எடுத்தார்கள். ரகசியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்பா காய்ச்சும் களிம்பு, அவ்வளவுதான்.

அப்பா சலூன் வைத்திருந்தவர். சவரம் முடிந்து எரியும் கன்னத்தில் தடவுவதற்காக, தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி, இறக்கும்போது துளி கற்பூரம் போட்டு அவரே காய்ச்சுவார். அவருடைய அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சவரம் செய்யப் போன காலத்திலிருந்து வரும் கைப்பக்குவம். கை லேசாக நடுங்கத் தொடங்கியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

தொழிலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பாப்பா பள்ளிக்கூடம் போகும்போதே, "அப்பா என்ன வேலைன்னு கேட்டா, கடை வச்சிருக்கார்னு சொல்லு, போதும்" என்று சொல்லிக்கொடுத்திருந்தார். என்ன கடை என்று கேட்டால்? "பெரிய கடைன்னு சொல்லு." ஒற்றை நாற்காலி போட்ட பெரிய கடை! வகுப்பில் பாதிப் பையன்களுக்கு முடி வெட்டிவிட்டதே அவர்தான். அது எப்படியோ அவருக்கு நினைவில் இருக்காது.

ஓட்டலில் துவைக்கிற வேலையை வெளியாளிடம் கொடுத்துவிட்டார்கள். பாப்பா வேலை போய் வீட்டோடு உட்கார்ந்தாள். தோழிகளோ களிம்பை விடுவதாக இல்லை. அதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. சமையலறை பட்டறையாயிற்று. கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி அப்பா கிளறுவார். குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பார்ப்பார். திப்பிதிப்பியாக நெருடினால் மறுபடி அடுப்பில் ஏறும். பாப்பா டப்பாவில் ஊற்றி மூடுவாள்.

பேர் வைக்கும் பொறுப்பைக் கொழுந்தன் ஏற்றுக்கொண்டான். அச்சகத்தில் வேலை, யோசனைக்குப் பஞ்சமே இல்லாதவன். தங்க நிற எழுத்தில் லேபிள் அடித்துக்கொண்டு வந்தான்: 'அரண்மனைக் களிம்பு. ராஜ வைத்தியர் பரம்பரையின் ரகசியம்.'

"இது பொய்யாச்சே தம்பி" என்றாள் பாப்பா.

"பொய் இல்ல அண்ணி, விளம்பரம்."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். பாப்பாவும் சரி என்று விட்டுவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

லேபிள் என்னவோ வேலை செய்தது. அழகு சாதனக் கடைகள் வைத்திருக்கும் ஓர் அம்மாள், எங்கே எப்படிச் செய்கிறீர்கள் என்று நேரில் பார்க்க வருவதாகப் போன் செய்தாள். அவள் எடுத்துக்கொண்டால் மாதா மாதம் சரக்கு போகும்; பாப்பா இனி வேலை கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம். வைத்தியரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று பாப்பா அப்பாவிடம் போய் நின்றாள். "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா. அன்று காலை முகத்தை மழுங்க மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். ராஜ வைத்தியரே கெட்டார், போங்கள்.

கடைக்கார அம்மாள் நல்ல மாதிரிதான். பாத்திரங்களைப் பார்த்தாள், சுத்தத்தை மெச்சினாள். "உங்க அப்பாவும் வைத்தியராய்யா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. ராஜாவுக்கே நாடி பிடிச்சவர்" என்றார் அப்பா, கண்ணைக்கூட இமைக்காமல். ராஜாவின் தலைவலி, ராணியின் பாத வெடிப்பு என்று அளந்துகொண்டே போனார். பாப்பா வாய்பிளந்து நின்றாள். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வருமா?

அம்மாள் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "எல்லாம் சரி. லேசா சலூன் வாசனை அடிக்குது. அதை மட்டும் குறைச்சிடுங்க."

"சலூனா! சீச்சீ!" அப்பா பெரிதாகச் சிரித்தார். "அந்த ஆளுங்க கை இதுல படவே படாதும்மா."

பாப்பாவுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிட்டு அவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டதைப் பார்த்தாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

"பொய்ங்க. எங்க அப்பா சலூன்காரர். தாத்தாவும் வீடு வீடாப் போய்ச் சவரம் பண்ணினவர். இது அவங்க களிம்பு. ராஜா, ராணி யாரும் கிடையாது."

அம்மாள் கோபிக்கவில்லை. டப்பாவை மூடி மேசையில் வைத்தாள். "அரண்மனைன்னா எடுத்துக்கறேன். சலூன்னா என் கஸ்டமர் தொட மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லும்மா" என்று எழுந்து போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், அப்பா பிடித்துக்கொண்டார். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தேன்! உன் வாயால அதைச் சொல்ற நிலைமை வரக் கூடாதுன்னுதானே காலம் பூரா நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்?"

"நீங்க சொல்லாம இருந்தது பரவாயில்லப்பா. சீச்சீன்னு சொன்னீங்களே, அதை என்னால கேக்க முடியல."

அவர் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்று முழுக்க அடுப்பங்கரைப் பக்கமே வரவில்லை.

பாப்பா அந்த அம்மாளுக்குப் போன் செய்யவில்லை. பழைய தோழிகள், தையல் பட்டறை, நாலைந்து சலூன்கள் என்று நடையாக நடந்து விற்றாள். கால் ஓய்ந்தது. அந்த அம்மாளை விட்டதற்காக ஒன்றிரண்டு நாள் தன்னையே திட்டிக்கொண்டதும் உண்டு. கொழுந்தன் முணுமுணுத்துக்கொண்டே வேறு லேபிள் அடித்துத் தந்தான்: 'சலூன் களிம்பு. மூன்று தலைமுறைக் கைப்பக்குவம்.'

பாப்பா பயந்துகொண்டேதான் அதை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"என்ன இது, எழுத்து இவ்வளவு பொடிசா இருக்கு? 'சலூன்'ங்கறது யார் கண்ணுக்குத் தெரியும்? கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லு."