மூன்று நிமிடக்காரர்

"பாத்ரூம் போயிட்டு வந்தாச்சா?"

இதுதான் எங்கள் ஸ்கேன் அறை அக்காவின் வணக்கம். ஆமாம் என்று தலையாட்டினாலும் விடமாட்டார். "எப்போ? வீட்டுலயா, இங்கயா?" வீட்டில் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்கேன் என்றாலே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வழியெல்லாம் இரண்டு பாட்டிலைக் காலி செய்துவிட்டு வந்து நிற்கும் கர்ப்பிணிகளுக்கு அழுகையே வந்துவிடும். "அது வேற ஸ்கேன்மா. இதுக்கு மூத்திரப்பை காலியா இருக்கணும். ரொம்பியிருந்தா அழுத்தி, குட்டையா இருக்கறதையும் நீளமாக் காட்டிடும். போயிட்டு வா, நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

நீளமாகக் காட்டுவது கருப்பை வாயை. ஐந்தாம், ஆறாம் மாதத்தில் அதன் நீளத்தை அளந்தால், குழந்தை அவசரப்பட்டு முன்கூட்டியே வந்துவிடுமா என்று ஓரளவு ஊகிக்கலாம். இருபத்தைந்து மில்லிமீட்டருக்கு மேலே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. கீழே போனால் டாக்டர்கள் மருந்து கொடுப்பார்கள். சிலருக்கு அந்த வாயில் தையல் போடுவார்கள். அளப்பது அக்காவின் வேலை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அறிக்கை தட்டுவது என் வேலை. எண்ணை அவர் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். படுத்திருப்பவள் காதில் விழுந்தால் அரைகுறையாகப் புரிந்துகொண்டு பயப்படுவாள் என்பது அவர் கட்சி. துண்டுச் சீட்டில் எழுதி, திரைச்சீலையின் இடுக்கு வழியாகக் கையை நீட்டுவார். ஆறு வருடமாக அவர் முகத்தைவிட அந்தக் கைதான் எனக்கு அதிகப் பழக்கம்.

ஒரு முறை அளந்து எழுதிவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மூன்று முறை அளப்பார். அதற்குப் பிறகும் கருவியை எடுக்காமல் மூன்று நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். "அது ஒரே மாதிரி இருக்காதுடி. நாம பார்க்கறப்போ சமர்த்தா இருக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு வாயைத் திறக்கும்." மூன்று நிமிடமும் முடிந்த பிறகே, வந்த சீட்டுகளில் எது சிறிய எண்ணோ அதை நான் தட்ட வேண்டும். வேறு எந்த அறையிலும் இப்படி இல்லை. வரிசை இவர் அறை வாசலில்தான் நீளும். மேனேஜர் இவருக்கு 'மூணு நிமிஷம்' என்று பெயரே வைத்துவிட்டார்.

வெளியிலும் ஆள் இப்படித்தான். துணிக்கடைக்காரர் இவர் தலையைக் கண்டதுமே அளவுகோலை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாராம். "எதுக்கு ரெண்டு பேரும் வேலை பார்க்கணும், நீங்களே அளந்துக்குங்க" என்று. திரை தைக்க ஜன்னலை அளந்த அன்று, "ஜன்னல் என்ன வளரவா போகுது?" என்று கேட்ட கணவர், சாயங்காலம் வரை தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்தார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒரே தடவைதான் அளந்தேன். முப்பத்தொண்ணு. எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டேன். பத்தாம் நாள் அந்தப் பொண்ணைப் பிரசவ அறையில பார்த்தேன். குழந்தை என் கை நீளம்கூட இல்லை. ஒரு நாள் இருந்துச்சு."

டப்பாவில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே மூடிவிட்டார்.

போன மாதம் ஒருத்தி வந்தாள். ஐந்தரை மாதம். முதல் குழந்தை ஆறாம் மாதமே வந்து, தங்கவில்லை. புருஷன் வாசல் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். சீட்டுகள் வந்தன. முப்பத்துநாலு. முப்பத்துமூன்று. முப்பத்துநாலு. எனக்கே மனசு லேசானது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் தலையை நீட்டினார்.

"அக்கா, வெளியில பதினாலு பேரு."

"உள்ளயும் ரெண்டு பேரு இருக்காங்க சார்" என்றார் அக்கா, திரைச்சீலைக்குள்ளிருந்து.

மேனேஜர் என்னைப் பார்த்தார். மூன்றும் நல்ல எண்தானே என்று, மூன்று நிமிடம் முடியும் முன்பே நான் முப்பத்துமூன்றைத் தட்டி அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆறு வருடத்தில் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. மேனேஜர் அதைக் கொண்டுபோய் வாசலில் புருஷனிடம் நீட்டி, "நல்ல அளவு, கவலையை விடுங்க" என்றது எனக்குக் கேட்டது.

அப்புறம் கை மறுபடி நீண்டது. இருபத்தாறு. அடுத்த சீட்டில் பதினெட்டு. அதற்குக் கீழே, 'டாக்டரைக் கூப்பிடு. சத்தம் வேண்டாம்.'

டாக்டருக்கு போன் செய்தேன். சக்கர நாற்காலியில் வைத்து உடனே மேலே அனுப்பச் சொன்னார். தானும் ஒரு தடவை பார்த்துவிட்டு இன்றைக்கே தையல் போட்டுவிடலாம், நல்ல வேளை இப்போதே தெரிந்தது என்றார். காகிதம் வெளியே போய்விட்டதை நான் எழுந்து போய் அக்கா காதில் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நல்லா இருக்காக்கா?" என்று கேட்டாள் படுத்திருந்தவள்.

"மேல டாக்டர் ஒரு தடவை பார்க்கணும்னு சொல்றாங்கம்மா. அதுவரைக்கும் அசையாம இரு" என்றபடி அக்கா அவள் மேல் துணியை இழுத்துவிட்டு, திரைச்சீலையை ஒதுக்கினார்.

சொல்லி முடிக்கவில்லை, புருஷன் காகிதத்தோடு உள்ளே வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "முப்பத்துமூணாம்! போன தடவை மாதிரி இல்லையாம். எந்திரி, அம்மாவுக்கு போன் போடலாம்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, கட்டிலுக்கு அடியில் கால்விரலால் செருப்பைத் தேடினாள்.

அக்கா அவள் காலை மறுபடி கட்டில் மேல் தூக்கி வைத்துவிட்டு, குனிந்து அந்தச் செருப்புகளை எடுத்தார். புருஷன் கையிலிருந்த காகிதத்தை மெதுவாக வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் செருப்புகளை வைத்தார்.