பொதிவண்டியில் ஒரு கணவன்

என்னை விட்டுப் போவதா வேண்டாமா என்று யோசிப்பதற்காக என் மனைவி பிரான்சுக்குச் சைக்கிள் ஓடப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

பகிடிக்குச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

பிள்ளைகள் இரண்டு பேரும் கோப்பன்ஹேகனுக்குக் குடிபோன பிறகு ஹோர்சன்ஸ் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ஒரு களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறேன். கூப்பிடு தூரத்தில் இருக்கும் வேலைக்குக் காரில்தான் போவேன். அவளுக்கு முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. ஒரு வீட்டில் மருந்து, அடுத்த வீட்டில் வீங்கிய காலுக்கு இறுக்கமான காலுறை, அதற்கடுத்த வீட்டில் குளிப்பாட்டல். எல்லாம் சைக்கிளில். மழையில், பனியில், கடலில் இருந்து வந்து முகத்தில் அறையும் காற்றில் இருபது வருடத்துக்கு மேலாக மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் வசந்த காலத்தில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டு அவித்துக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு வீடு கிடைச்சிருக்கு."

"எங்களுக்கு வீடு இருக்கெல்லே?"

"எங்களுக்கில்லை. எனக்கு."

துறைமுகப் பக்கம், இரண்டு அறை. வாடகை வீட்டுச் சங்கத்தில் வரிசையில் பதிந்து வைத்திருந்தாளாம். எப்போது பதிந்தாய் என்று கேட்டேன். மகள் பள்ளிக்கூடம் முடிப்பதற்கு முன்னமே என்றாள். அத்தனை வருடமும் எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டே வரிசையிலும் நின்றிருக்கிறாள்.

"நான் அடிச்சனானோ?"

"இல்லை."

"குடிச்சுப்போட்டு விழுந்து கிடந்தனானோ?"

"இல்லை."

"பேந்து?"

"கதைக்கிறியள். நான் வேலையால வந்து கதவைத் திறக்கத் துவங்குவியள். நான் நித்திரையாகுமட்டும் நிப்பாட்டமாட்டியள். எல்லாம் பகிடி. எனக்குக் களைச்சுப்போச்சு."

உலகத்தில் எத்தனையோ பெண்கள் எத்தனையோ காரணங்களுக்காகப் புருசனை விட்டுப் போகிறார்கள். பகிடி விட்டதற்காக விடப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன் என்று சொன்னேன். அதையும் அவள் ஒரு பகிடியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"பிரான்சால வந்துதான் சங்கத்துக்குப் பதில் சொல்லுவன். அதுமட்டும் யோசிக்கிறன்" என்றாள்.

பிரான்ஸ் பயணத்தைக் குளிர்காலத்திலேயே பதிந்திருந்தாள். கூட வேலை செய்யும் டேனிஷ்காரிகள் மூன்று பேரோடு பிரனீஸ் மலையடிவாரத்தில் ஒரு வாரம் சைக்கிள். எங்கள் ஆட்களுக்குப் பிரான்ஸ் என்றால் பாரிஸ். பாரிஸ் என்றால் மச்சான் வீடு, கலியாணம், ஆட்டிறைச்சி, திரும்பி வரும்போது கார் நிறைய மரக்கறி. டென்மார்க்கிலேயே பிராண்டேயில் இருக்கும் என் அக்காவுக்கு விசயத்தைச் சொன்னதும் கேட்டார்:

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"பேந்தேன் போறியள்?"

போறியள் என்று பன்மையில்தான் கேட்டார். மனிசி தனியாகப் போகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாளே பயண நிறுவனத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒரு இடம் மிச்சம் இருந்தது.

அவளிடம் சொன்னபோது கையில் இருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் யோசிக்கப் போறன் எண்டு சொன்னனான்."

"யோசியுமன். நான் பின்னால வாறன்."

நான் சொன்னதில் அந்த 'பின்னால' மட்டும்தான் உண்மையானது. மலைக்குப் பயிற்சி எடுக்க டென்மார்க்கில் மலை இல்லை. ஒரு மேட்டுக்கு வானமலை என்று பெயர் வைத்து, அதற்குமேல் கோபுரமும் கட்டிச் சமாளிக்கிறார்கள். அதில் ஏறி இறங்கிவிட்டு நான் தயார் என்று அறிவித்தேன். பாதுகாப்புக்கு மின்சாரச் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். முன்னே போன நான்கு பெண்களுக்கும் சாதாரணச் சைக்கிள்.

மலையடிவாரம் என்ற சொல்லில் ஒரு பொய் இருக்கிறது. அடிவாரம் என்றால் மலை இனிமேல்தான் வரும் என்று நினைப்போம். அங்கே அடிவாரமே ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு மேட்டின் தலையிலும் ஒரு பழைய கிராமம். கல் வளைவு, கல் வீடு, பெரிய மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தை மண்டபம், அதன் நடுவே தூங்கும் நாய். மத்தியானம் ஆனால் யன்னல் பலகைகளைச் சாத்திக்கொண்டு ஊரே உள்ளே போய்விடும். ஒரு ஊரில் தேவாலய மணி அடித்து முடித்துவிட்டு, யாருக்காவது கேட்காமல் போயிருக்கும் என்பதுபோல் முதலில் இருந்து மறுபடியும் அடித்தது. எனக்கு அந்த மணியைப் பிடித்துப்போயிற்று. நானும் அப்படித்தான். சொன்னதைச் சிரிக்கும்வரை சொல்வேன்.

அவள் சைக்கிள் ஓடுவதை அந்த வாரம்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஹோர்சன்ஸில் அவள் கிளம்பும்போது நான் நித்திரை, திரும்பும்போது நான் ரிவிக்கு முன்னால். மேடு வந்தால் அவள் இருக்கையை விட்டு எழும்பி, உடம்பை முன்னே சரித்து, ஒரே சீராக மிதிப்பாள். மற்ற மூவரையும் முந்தி மேலே போய் நின்று, தண்ணீர் குடித்தபடி அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். டேனிஷில் சிரித்தாள் என்றுதான் சொல்லவேண்டும். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

முதல் நாள் சாப்பாட்டில், அவர்களில் மூத்தவள், ஆறடிக்குக் குறையாத ஒருத்தி, எனக்கு முன்னால் வந்து அமர்ந்தாள். டேனிஷ்காரர் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை.

"நீ ஏன் வந்தாய்?"

"மனைவிக்குப் பாதுகாப்பு."

"எதனிடமிருந்து?"

"மலையிடமிருந்து."

அவள் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி பாணைப் பிய்த்தபடி தட்டைப் பார்த்தாள். அந்த நெட்டைக்காரிக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டு விசயம் எங்கள் சனத்தில் ஒருவருக்கும் தெரியாமல், ஒரு வெள்ளைக்காரிக்கு முழுதாகத் தெரிந்திருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு முன்னமே என் பற்றரி செத்தது. சமதரையிலும் முழு வேகத்தில் விட்டிருக்கக்கூடாதாம். பற்றரி போன மின்சாரச் சைக்கிளை மேட்டில் மிதிப்பதும் பாரந்தூக்கி வண்டியை மிதிப்பதும் ஒன்று. கிராமத்துக்குக் கிராமம் எங்கள் பெட்டிகளைக் கொண்டுபோகும் பொதிவண்டி வந்து என்னை ஏற்றியது. சாரதிக்குப் பிரெஞ்சு மட்டும்தான். எனக்கு அது மட்டும்தான் தெரியாது. பெட்டிகளுக்கு நடுவே நானும் ஒரு பெட்டியாக இருந்து, மனைவியைக் கடந்து போகும்போது யன்னலால் கை காட்டினேன். அவள் கையை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகு சைக்கிளில் நான் ஏறவேயில்லை. கால் நோவு என்றேன். உண்மையில் வண்டிதான் சுகமாக இருந்தது. கதைக்கலாம், சாரதி தடுக்கமாட்டார்.

நாலாம் நாள் ஒரு கோட்டைக் கிராமம். மலையின் பல்லுப்போல நிற்கும் பழைய சுவர். அதற்கு ஏறும் பாதை தொடங்கும் இடத்தில், ஒரு கல் வாசலடியில் அவர்கள் இளைப்பாறினார்கள். நான் வண்டியில் இருந்து இறங்கி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு படம் எடுப்பம், வாரும்."

மறுக்கவில்லை. நெட்டைக்காரிதான் எடுத்தாள். அவர்கள் ஏறத் தொடங்கிய பிறகு, வண்டிக்குள் இருந்து அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கோயில் குழுவிலும் போட்டேன். 'முப்பதாவது கலியாண ஆண்டை முன்னிட்டு, மலை ஏறும் இளம் சோடி' என்று எழுதினேன். ஆண்டு முப்பதுதான். கலியாண நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

ஒரு பகிடிக்குத்தான் போட்டேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இத்தனை பேர் வாழ்த்திய பிறகு ஒருத்தி எப்படித் தனிவீட்டுக்குப் போவாள் என்ற எண்ணமும் எனக்கு இல்லாமல் இல்லை.

வாழ்த்துகள் வந்து விழுந்தன. மாலை, விளக்கு, இதயம், கும்பிட்ட கைகள். கனடாவில் இருந்து, லண்டனில் இருந்து. நான் வண்டியில் இருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். அவளோ ஏற்றத்தில் இருந்தாள். குறுஞ்செய்தி போதாது என்று சனம் அவளுக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறது. கோட்டை வாசலில் வந்து சேர்ந்தபோது முகம் சிவந்து, கைப்பேசி காதில் இருந்தது.

"ஓம் மாமி. ஓம். சந்தோசமா இருக்கிறம். நன்றி மாமி."

வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

"ஆறு தரம் இறங்கினனான். பாதி ஏத்தத்தில. ஆறு பேருக்கும் சந்தோசமா இருக்கிறம் எண்டு சொன்னனான்."

"நல்லதுதானே."

"ஒரு கிழமை கேட்டன். யோசிக்க. அதுக்குள்ளயும் வந்து இருந்து கதைச்சுக்கொண்டு இருக்கிறியள். நீங்கள் கதைச்சது காணாதெண்டு இப்ப ஊரையும் கூட்டிக்கொண்டு வந்திட்டியள்."

"கோவிக்காதையும். அழிச்சுவிடுறன்."

"வேண்டாம். எனக்கு இனி யோசிக்கத் தேவையில்லை. வீட்டை எடுக்கப் போறன்."

இப்படியான நேரத்தில் என் வாய்க்கு வருவது ஒன்றுதான்.

"அப்ப சைக்கிளையும் கொண்டுபோறீரோ?"

அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்துவிட்டு, தன் கூட்டத்தோடு கோட்டைக்குள் போனாள். நான் பொதிவண்டிக்குத் திரும்பினேன். சாரதி ஒரு துண்டு பாற்கட்டியும் பாணும் நீட்டினார். கோபத்தில் முழுவதையும் சாப்பிட்டேன்.

மீதி நாட்களில் என்னோடு மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள், ஒரு நோயாளி வீட்டில் நடந்துகொள்வது போல. விமான நிலையத்துக்கு அத்தான் கார் கொண்டு வந்திருந்தார். "அக்கா சமைச்சிருக்கிறா, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று பிராண்டேக்குத் திருப்பினார். வாசலில் ஏகப்பட்ட கார்கள்.

உள்ளே இருபது, இருபத்தைந்து சனம். இரண்டு ரோசா மாலை. பெரிய கேக், அதற்குமேல் சீனியால் செய்த இரண்டு சைக்கிள். அக்கா ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்.

"எங்களுக்குச் சொல்லாமல் தேன்நிலவோ? ரெண்டு பேரும் பொல்லாத ஆக்கள்!"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பாவம் என்று பத்துப் பேராவது நின்றிருப்பார்கள். அவள் பயண உடுப்போடு, வெயிலில் கறுத்த கையோடு, கழுத்தை நீட்டினாள். நான் மாலை போட்டேன். எனக்கும் போட்டாள். கை தட்டினார்கள். கத்தியை இருவரும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தோம்.

"ஊட்டுங்கோ! ஊட்டுங்கோ!"

ஒரு துண்டை எடுத்து என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. வேலையிடத்தில் கிழவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது வைத்திருப்பது அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"கடைசித் தரம். வாயைத் திறவுங்கோ, படம் எடுக்கினம்."

திறந்தேன். வாய் நிறையக் கேக். முப்பது வருடத்தில் முதல்தடவையாக, அவளுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை வீட்டுச் சங்கத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தாள்.