அப்பா போட்ட புல் முடிச்சுகள்

சபைக்கு முன்னால் நின்று பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், நான் அப்பாவுக்குச் செய்ததை முதலில் சொல்லியாக வேண்டும். அவருடைய பூட்ஸை ஒளித்து வைத்தவள் நான்.

அப்பா முப்பது வருஷம் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரராக இருந்தார். பகலெல்லாம் அடுப்புப் புகை. லீவு கிடைத்தால் போதும், எங்கள் மலையில் வட்டக்கானலைத் தாண்டிச் சோலைக்காட்டுக்குள் இறங்கிவிடுவார். சின்ன வயதில் என்னையும், பிற்பாடு என் மகள் ரூத்தையும் கூட்டிப் போனார். நான் எப்போதும் பின்தங்குவேன். எனக்காகப் பாதை பிரிகிற இடத்திலெல்லாம் ஓரத்துப் புல்லை இரண்டு கொத்தாகப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். முடிச்சு இருக்கிற பக்கம் நான் திரும்ப வேண்டும்.

அம்மா இறந்த பிறகு அவருக்கு ஞாபகம் குறைந்தது. போன வருஷம் என்னையே மறந்துபோனார். “நீங்க யாரு வீட்டுப் பிள்ளைங்க?” என்று மரியாதையாகக் கேட்பார். இரண்டு தடவை ரோட்டில் கார்களுக்கு நடுவே நின்றவரை யாரோ கூட்டி வந்து விட்டார்கள். நானோ லாட்ஜில் அறை சுத்தம் செய்யப் போகிறவள். எத்தனை நாள் காவல் இருப்பது? பூட்ஸையும் தடியையும் பரணில் போட்டேன். வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நிற்பார்.

“கொஞ்ச நேரம் விடுங்களேன், வெரசா வந்துர்றேன்” என்று என்னிடமே கெஞ்சினார். நான் விடவில்லை. அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டும் என்று மட்டும் தினமும் முழங்காலில் நின்றேன். அதுவும் ஒரு ஜெபமா!

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, நான் லாட்ஜுக்குப் போயிருந்தேன். பால் வாங்கப் போன ரூத் கதவைப் பூட்ட மறந்துவிட்டாள். அவள் வந்து பார்த்தால் அப்பா இல்லை. தகவல் கேட்டு நான் ஓடி வந்தேன். வெறுங்காலோடு போயிருந்தார். மூன்று நாளாக விடாத மழை. அக்கம்பக்கத்தார் ரோடு முழுக்கத் தேடினார்கள். மத்தியானம் மேகம் இறங்கிவிட்டது, பத்தடி தெரியவில்லை. ஆத்திரத்தில் பிள்ளையை அடித்துவிட்டேன். பிறகு அடுக்களைத் தரையில் விழுந்தேன். “கர்த்தாவே, அவருக்கு என்னைத் தெரியவே வேண்டாம். உயிரோடு கொடும். இனிப் பூட்ட மாட்டேன்” என்றேன்.

எழுந்திருக்கவில்லை, அதற்குள் ரூத் அழுதுகொண்டே ஓடி வந்தாள். “அம்மா, வேலிக்கு அங்கிட்டுப் புல்லு முடிச்சுப் போட்டுக் கெடக்கும்மா. தாத்தா போட்டதுதான்.”

ஓடினோம். ஒரு முடிச்சு, அடுத்த பிரிவில் இன்னொன்று. ஆறாவது முடிச்சைத் தாண்டி ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தார். காலெல்லாம் அட்டை கடித்து ரத்தம். என் சால்வையைப் போர்த்தினேன். வேற்று மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எம் மக பின்னால வருவா. மெதுவாத்தான் நடப்பா. வழி தெரியாமப் போயிரக் கூடாதுல்ல, அதான் முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்.”

நான் பூட்டி வைத்தவர் எனக்கு வழி போட்டு வைத்திருக்கிறார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழாதீங்க, அவ வந்துருவா என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

வாக்கைக் காப்பாற்றினேன். லாட்ஜில் காலை நேர வேலையை விட்டுவிட்டு, அவருக்குப் பூட்ஸ் மாட்டி தினமும் கூட்டிப் போனேன். நாலு மாதம் கர்த்தர் கொடுத்தார். மார்ச்சில் நெஞ்சுச் சளி வந்து, ஒருநாள் வெள்ளனே, விடிவதற்கு முன்பே போய்விட்டார். கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை. பரணைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

ஆனாலும் ஸ்தோத்திரம். மறதியிலும் மகளை விடாத ஒரு மனசைக் கர்த்தர் எனக்குக் காட்டினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் ஜன்னல் பக்கம் நின்றால், பூட்டைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நில்லுங்கள். கர்த்தர் கேட்பார். பிறகு ஜன்னல் பக்கம் நிற்பவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போங்கள்.

அப்பா இந்தத் தடவையும் முன்னால் போய்விட்டார். நான் மெதுவாகத்தான் நடப்பேன் என்று அவருக்குத் தெரியும்.