குளிக்கக் கூடாத ஏழு நாள்

எங்கள் ஊர்க் குளியல் மண்டபத்தில் பெண்கள் பக்கத்துத் துணிக்காவல் நான்தான். பெயர் போனோசா. பெண்கள் அவிழ்த்துத் தருகிற துணியைச் சுவர் மாடத்தில் வைத்து, குளித்து வந்ததும் அவரவர் துணியை அவரவர் கையில் கொடுக்கிற வேலை. இருபது வருஷத்தில் ஒரு இடுப்புக் கச்சைகூட மாறிப் போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. எந்த மாடம் எந்த நாளில் காலியாகக் கிடக்கிறது என்று இந்த ஊரில் முதலில் தெரிவது எனக்குத்தான். அப்படிப்பட்ட நானே கோட்டை விட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

கதை என்னுடையது இல்லை. நம்கிதே அக்காவுடையது. மண்டப வாசலில் அடுப்பு வைத்துக் கொண்டைக்கடலை அவித்து விற்றவள். கழுதைக்காரன் ஒருவனைக் கட்டி, முப்பது வயதில் அவனைப் புதைத்தவள். குரல் என்றால் குரல், ஆண்கள் பக்கம் வரைக்கும் கேட்கும். "வாங்கம்மா, குளிச்ச உடம்புக்கு உள்ள ஏதாச்சும் போகணும்ல! இல்லைன்னா காத்துல பறந்திடுவீங்க!" என்று பருத்த பெண்களைப் பார்த்தே கத்துவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

எங்கள் சபையின் விதவைகளில் அவள் ஒருத்தி. விதவை என்றால் ஓரமாக உட்கார்ந்து கஞ்சி வாங்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். நோயாளிப் பெண்களுக்கு அப்பம் கொண்டு போவது அவள். சிறையில் கிடப்பவர்களுக்கு ரொட்டி கொண்டு போவது அவள். செத்தவர்களின் கண்ணை மூடுவதும் அவள்தான். எல்லாவற்றுக்கும் மேலே, ஞானஸ்நானத்தின்போது பெண்களோடு தண்ணீரில் இறங்குகிறவள் அவள். தண்ணீருக்குள் ஒரு நூல்கூடப் போகக் கூடாது எங்களுக்கு. மோதிரம், கொண்டை ஊசி எல்லாம் கழற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, பிறந்த மேனியாய் இறங்க வேண்டும். மூப்பர் திரைக்கு அந்தப் பக்கம் நின்று வார்த்தை சொல்வார். இந்தப் பக்கம் தலையை முக்கி எடுத்து எண்ணெய் பூசுவது அக்காவின் கை.

கரையேறியதும் பாலும் தேனும் கலந்து ஒரு கிண்ணம் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொல்வாள். "ஏழு நாளைக்குக் குளிக்கக் கூடாதுடி கண்ணு. அந்த எண்ணெய் உள்ள இறங்கட்டும்." இது எங்கள் வழக்கம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், பெற்ற தாய்க்குக்கூட அப்படி வராது.

அந்த வருஷம் புது ராஜா ஆணை போட்டான். ஊரில் ஒவ்வொருவரும் வானத்து அம்மன் கோவில் முன்னால் சாம்பிராணி போட்டு, பலியிட்ட கறியில் ஒரு வாய் தின்று, சாட்சியோடு சீட்டு வாங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் சீட்டு இல்லாதவனுக்குச் சிறை. ஆணையைச் சந்தையில் படித்த மறுநாளே எங்கள் மூப்பரைக் காணோம். மலையில் இருக்கிற அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

"இருக்காதா பின்னே?" என்றாள் அக்கா, கடலையைக் கிளறிக்கொண்டே. "அந்த அண்ணன் செத்தே மூணு வருஷம் ஆச்சு. உடம்பு எப்படி நல்லா இருக்கும்?"

சிரித்தோம். அந்த மாதத்தில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

சீட்டு எழுதுகிற எழுத்தனின் மனைவிதான் உர்பிகா. இரண்டு வருஷமாகப் புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரியாமல் எங்களிடம் வந்து வசனம் கேட்டவள். எட்டு மாதம் வயிற்றில். முன்னே இரண்டு பிள்ளை செத்தே பிறந்தன. இந்த முறை தாய்க்கே கண்டம் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஒரு நாள் அக்காவின் வீட்டுப் பின்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

"தண்ணி வாங்காம நான் சாக மாட்டேன் அக்கா. மூப்பர் எப்ப வருவார்னு நான் காத்திருக்கலாம். என் வயிறு காத்திருக்காது."

எண்ணெய்க்கடைக்காரி ஒருத்தி, அவளும் எங்கள் சபைதான், வாயில் விரல் வைத்தாள். "ஐயையோ! மூப்பர் இல்லாம பொம்பள எப்படிக் குடுக்கிறது? கார்த்தேஜ்ல இருக்கிற பெரிய மூப்பருங்களுக்குத் தெரிஞ்சா கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"இத்தனை வருஷமா தண்ணிக்குள்ள நின்னது யாரு?" என்றாள் அக்கா. "கை என்னோடது, வாய் அவரோடது. இப்ப வாய் ஓடிப்போச்சு. கையும் ஓடணுமா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பயம்தான். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து கை நீட்டினாள். "மண்டபச் சாவியைக் குடு போனோசா. தப்புன்னா ஆண்டவர் என்னைக் கேட்கட்டும். அந்தப் பொண்ணைக் கேட்க வேண்டாம்."

மாதத்தில் ஒரு நாள் மண்டபத்துக்கு விடுமுறை. கீழே உலைகளில் கரி வாருவார்கள். மேலே குளிர்நீர்த் தொட்டியில் மட்டும் தண்ணீர் நிற்கும். அன்றைக்கு மத்தியானம் பின்வாசலைத் திறந்து விட்டேன். உர்பிகா ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். எப்போதும்போல முதல் மாடத்தில் வைத்தேன். அது அவள் மாடம். தரைக்குக் கீழே கரி சுரண்டுகிற சத்தம் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா வார்த்தையைச் சொல்லத் தொடங்கியபோது அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அக்கா நிறுத்தவில்லை. திரை இல்லை, மூப்பர் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று, வயிற்றுப்பிள்ளைக்காரியின் முதுகைத் தாங்கிக்கொண்டு, மூன்று முறை முக்கி எடுத்தாள். பிறகு கீழே மறுபடி கரகரவென்று கேட்டது.

பால் கொடுத்தாள். தேன் கொடுத்தாள். கன்னத்தைப் பிடித்தாள். "ஏழு நாளைக்குக் குளிக்கக் கூடாதுடி கண்ணு."

நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிய தலையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலையில் முதல் மாடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் மானம் மரியாதை உள்ள பெண்கள் யாரும் ஒரு நாள் குளியலை விட மாட்டார்கள். அதிலும் எழுத்தன் பெண்டாட்டி, தினமும் வெந்நீரில் உட்கார வேண்டும் என்று மருத்துவச்சி சொன்னவள். வாசலுக்கு ஓடினேன்.

"அக்கா, நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டோம்!"

விஷயத்தைச் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. "நான் ஒரு கூறுகெட்டவ," என்றாள் மெதுவாக. "சொல்லிச் சொல்லிப் பழகின வாய், இந்த நேரத்துல அடங்கலையே." உடனே உர்பிகாவின் வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினாள்: நாளைக்கே குளிக்க வா, விதியை நான் எடுத்துவிட்டேன்.

பதில் அன்று சாயங்காலமே வந்தது. 'ஏழு நாள் என்று சொன்னது நீங்கள். இனி நீங்களே சொன்னாலும் குறைக்க மாட்டேன்.' புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவளின் வைராக்கியம் அப்படி. அவளைத் திட்டவும் முடியவில்லை, மெச்சவும் முடியவில்லை.

மூன்றாம் நாளும் மாடம் காலி. நாலாம் நாள் அவள் மாமியார் மரூலா வந்தாள். கழுத்து நிறையச் சங்கிலி, நாக்கு நிறைய விஷம். துணியை என்னிடம் கொடுக்கும்போது கேட்டாள்.

"என் மருமக தினமும் வர்றாளா?"

"கருக்கல்லயே வந்துட்டுப் போயிடுறாங்கம்மா. கூட்டம் ஆகாதாம்."

அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் வெந்நீரில் இறங்கினாள். இருபது பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு உரக்கவே பேசினாள்.

"எங்க வீட்ல ஒரு அதிசயம் நடக்குது, கேட்டீங்களா? மருமக தினமும் குளிக்கிறாளாம். தலையில எண்ணெய் மட்டும் நாலு நாளா அப்படியே இருக்கு. தலைகாணி பூரா வாசனை. என்ன எண்ணெய்டின்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறா."

சிரிப்பு கிளம்பியது. பிறகு மூலையிலிருந்து ஒருத்தி சொன்னாள். "எங்க வீட்டு அடிமை ஒருத்தி இப்படித்தான் ஒரு வாரம் குளிக்காம கிடந்தா. கடைசில பார்த்தா, அந்தக் கிறிஸ்து கும்பல்ல சேர்ந்திருந்தா."

சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து துணி கேட்டார்கள். ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாள் முற்பகல் இரண்டு காவலரோடு எழுத்தனே வந்தான். தூங்காத முகம். வேலையும் போகக் கூடாது, பெண்டாட்டியும் போகக் கூடாது. அதற்கு அவனுக்கு வேறொரு குற்றவாளி வேண்டும். அவன் மனைவியை யாரோ மயக்கிவிட்டார்கள் என்று ஆக வேண்டும்.

"விடுமுறை அன்னைக்கு மேலே பொம்பளைங்க குரல் கேட்டதா கரிவாரி சொல்றான்," என்றான். "சாவி உன்கிட்டதானே இருக்கு? யாருக்குத் திறந்துவிட்ட?"

நான் விசுவாசிதான். பதினோரு வருஷமாக விசுவாசி. 'நான்தான்' என்று ஒரு சொல் சொல்வதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு ஆறாது.

வாசலிலிருந்து அக்கா உள்ளே வந்தாள், கையில் கரண்டியோடு. "அவளை ஏன்யா மிரட்டுறே? அந்தத் தூங்குமூஞ்சிக்கு என்ன தெரியும்? சுவர்ல சாஞ்சு குறட்டை விட்டுக்கிட்டு இருந்தா, இடுப்புல இருந்து சாவியை உருவினேன். திரும்பக் கொண்டுவந்து சொருகினதுகூட அவளுக்குத் தெரியாது."

"என் பெண்டாட்டியைத் தண்ணியில இறக்கினது?"

"நான்தான்."

"கூட வேற யாரு?"

"ஆண்டவர் இருந்தாரு. அவரைப் பிடிக்கணும்னா முதல்ல இந்தக் கரண்டியை வாங்கிக்கோ, ரெண்டு கையும் பத்தாது உனக்கு."

ஒரு காவலன் கன்னத்தில் அறைந்தான். கையைப் பின்னால் கட்டினார்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்து எப்போதும்போலவே கத்தினாள். "ஏய் தூங்குமூஞ்சி, கடலை அடிபிடிச்சிடும், இறக்கி வை!"

நான் இறக்கி வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். கருகின நாற்றம் மண்டபம் முழுக்க வந்த பிறகுதான் கால் நகர்ந்தது.

சிறைக்கு ரொட்டி கொண்டு போகிறவள் அவள்தான். அவளுக்கு யார் கொண்டு போவது? மறுநாள் ரொட்டியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனேன், திரும்பிவிட்டேன். அதற்கடுத்த நாளும் போனேன். அன்றைக்குச் சிறைவாசல் வரைக்கும் போய்விட்டேன். காவல்காரன் பல் குத்திக்கொண்டே சொன்னான். "கடலைக்காரியா? மற்றவங்க பேரைச் சொல்லுன்னு கேட்டாங்க. சொல்லலை. இன்னைக்கு விடியறப்ப அவ கதை முடிஞ்சது." அது ஏழாம் நாள்.

எட்டாம் நாள் காலையில் உர்பிகா வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேலைக்காரப் பெண்ணின் தோளில் சாய்ந்து வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தபோது, குனிந்து காதருகே பேசினாள்.

"இவளை விட்டுச் சிறைக்குக் கஞ்சி குடுத்தனுப்பினேன். அக்கா இவகிட்ட சொன்னாங்களாம். 'எட்டாம் நாள் குளிக்கப் போகச் சொல்லு. துணியைப் போனோசாகிட்ட குடுக்கச் சொல்லு. எல்லார் துணியையும் பத்திரமா பார்த்துக்க அவளுக்குத்தான் தெரியும்'னு."

நான் தெருமுனையோடு திரும்பிய வழியில் ஒரு அடிமைப் பெண் சிறைக்குள்ளேயே போயிருக்கிறாள்.

"எங்க வீட்டுக்காரர் என் பேர்ல ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தார்," என்றாள் உர்பிகா. "நான் சாம்பிராணி போடலை. சீட்டை அடுப்புல போட்டுட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது." பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவளும் கேட்குறா. அடுத்த விடுமுறைக்குத் தண்ணியில யார் இறங்குவா?"

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அன்றைக்கு அது அம்மிக்கல் கனம் கனத்தது.

அடுத்த விடுமுறையில் நான் இறங்கினேன். கீழே கரி சுரண்டுகிற சத்தம் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே மூன்று முறை முக்கி எடுத்தேன். பால் கொடுத்தேன். தேன் கொடுத்தேன். கன்னத்தைப் பிடித்தேன்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா குளிக்க வந்து நிக்கணும்டி. வரலைன்னா நானே வந்து இழுத்துட்டு வருவேன்."

அந்தப் பெண் அழுதாள். "எண்ணெய் போயிடுமே அக்கா."

"போகட்டும். நீ இருக்கணும்."

உர்பிகாவின் குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. அவள் கண்ணை மூடியது நான்தான். அதற்கப்புறம் பதினேழு பெண்களோடு இறங்கிவிட்டேன். மூப்பர் மலையிலிருந்து திரும்பி வந்து என்னை ஒரு வருஷம் சபையில் பேசவிடாமல் வைத்தார். வைக்கட்டும். நேற்றுச் சந்தையில் மறுபடி ஒரு ஆணை படித்தார்கள். இன்று காலை பார்த்தால் மூப்பர் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது.

அடி கருகின அந்தக் கடலைச் சட்டி முதல் மாடத்தில்தான் இருக்கிறது. இது யாருடையது என்று முன்பெல்லாம் யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கு மரூலா கேட்டாள். என் அக்காவுடையது என்று சொன்னேன்.