சீட்டில்லாத நோயாளி

முதலில் அது ஒரு தேசிக்காய் (எலுமிச்சை) அளவில்தான் இருந்தது. புரட்டாதி மாதம். காலபோக விதைப்புக்கு முன்னர் வரம்புகளை உயர்த்திக்கொண்டிருந்தோம். ஈரமண் நிறைந்த ஓலைக் கடகத்தைத் தூக்கித் தலைக்குக் கொண்டுபோகையில், வலது தொடையும் அடிவயிறும் சேருமிடத்தில் ஏதோ நழுவியது போலிருந்தது. வலி இல்லை. வாய்க்காலில் கால் கழுவும்போது தடவிப் பார்த்தேன். மெத்தென்று ஒரு வீக்கம். வீட்டில் போய்ப் படுத்ததும் தானாக உள்ளே போய்விட்டது. எழுந்து நடந்தபோது திரும்பவும் வந்தது.

அதற்குக் குடலிறக்கம் (அடிவயிற்றுத் தசை நொய்ந்த இடத்தால் குடலின் ஒரு மடிப்பு வெளியே தள்ளுவது) என்று பெயர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்து, இளைப்பாறி, இப்போது வன்னியில் காணி எடுத்துக் குடியேறுகிறவர்களில் சிலருக்கு இதுவோ இதைப் போன்ற ஒன்றோ இருக்கும். அவர்களுக்காகவே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவில் ரயில் பகுதியில் இருபத்தேழு வருடம் வேலை செய்தேன். கடைசிப் பத்து வருடமும், றப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய ஸ்டேசனில் தண்டவாளப் பாதை மாற்றுகிற வேலை. அந்த வாழ்க்கையில் நோய் என்னை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. காய்ச்சல் கண்டால் ஸ்டேசன் மாஸ்டரிடம் போவேன். அவர் ஒரு மஞ்சள் நிறச் சீட்டு எழுதித் தருவார். அதைக் கொண்டுபோனால் ரயில் பகுதி மருந்துச்சாலையில் போத்தலில் கலவை மருந்து தருவார்கள். வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று காட்டப் போத்தலின் பக்கத்தில் கடதாசித் துண்டு வெட்டி ஒட்டியிருக்கும். அந்த மருந்தின் ஓமவாசனை இப்போதும் நினைவில் வருகிறது. சீட்டு இல்லாமல் போனால் மருந்து கலக்குபவர் தலை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார்.

இருபத்தேழு வருடம் அப்படிப் பழகியவனுக்கு, சீட்டு எழுதித் தர ஒருவர் இல்லாவிட்டால் நோயாளியாக இருக்கவே உரிமை இல்லை என்று மனதில் பதிந்துவிட்டது. நான் செய்த பிழைகளுக்கெல்லாம் அடிவேர் அதுதான்.

மலாயாவில் வேலைகள் இனி அந்த நாட்டவருக்கே என்று வந்தபோது, வயது முடியுமுன்னரே சிறிய ஓய்வூதியம் தந்து அனுப்பினார்கள். மனைவி பரமேஸ்வரியின் தம்பி சிவலிங்கம் கிளிநொச்சியில் குடியேற்றக் காணி எடுத்து நெல் விதைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய காணியின் ஒரு மூலையில் நாங்கள் வீடு போட்டோம். பிள்ளைகள் இல்லை. இருவருக்கும் ஓய்வூதியம் போதும். நோய் வந்தால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இங்கே அரசாங்க ஆசுபத்திரியில் எல்லாருக்கும் இலவசம் என்று சிவலிங்கம் சொல்லியிருந்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த அரசாங்கத்துக்கு நான் ஒருநாளும் வேலை செய்தவன் அல்லன். வந்த புதிதில் ஓர் அரசாங்கக் கந்தோரில் என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த எழுதுவினைஞர், "நீங்கள் அங்கத்தை ஆளோ, இஞ்சத்தை ஆளோ?" என்று பகிடியாகக் கேட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆகவே நோய்ச் செலவுக்குப் பணம் தரும் காப்புறுதி ஒன்று எடுப்பதென்று முடிவு செய்தேன். அந்தப் பத்திரம் என் சீட்டாக இருக்கும் என்று நினைத்தேன். மலாயாவில் எங்கள் ஆட்கள் நடத்திய சங்கமொன்றின் சுகவீன நிதிக்கு இருபது வருடம் கட்டியிருந்தேன். முதலில் அவர்களுக்கு எழுதினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நிதி மலாயாவில் வசிக்கும் அங்கத்தவருக்கு மட்டுமே உரியது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கப்பலேறும் முன்னர் நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. சங்கக் கந்தோர் வாசல் வரை போய், உள்ளே ஆட்கள் நிறைந்திருந்ததைக் கண்டு திரும்பிவந்தவன் நான்.

மாசி மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு காப்புறுதி முகவர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கதிரையில் அமர்ந்து, தோல் பையைத் திறந்தார். வியாதிக்கென்று தனியாகக் காப்புறுதி எழுதும் கம்பனிகள் குறைவு என்றும், தன் கம்பனி ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்கும் என்றும் சொன்னார். ஐம்பது தாண்டினால் கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல். அது என் ஓய்வூதியத்துக்கு எட்டாது.

"உங்கட வயது என்ன அண்ணை?"

"நாற்பத்தொன்பது" என்றேன். என் சேவைக் கடதாசியிலும் அப்படித்தான் இருந்தது.

அந்நேரம் பரமேஸ்வரி, உதவி செய்வதாக எண்ணி, பெட்டிக்குள் இருந்த என் சாதகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். முகவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"இதில ஐம்பத்திரண்டு வருகுதே. நான் எந்த ஆளுக்குக் காப்புறுதி எழுதுறது?"

"ஆள் ஒண்டுதான் தம்பி" என்றாள் பரமேஸ்வரி. "கடுதாசிதான் ரெண்டு."

எங்கள் காலத்தில் மலாயாவுக்குப் போனவர்களில் பலருக்கு இப்படித்தான். வேலைக்கு எடுக்கும் வயது கடந்துவிட்டால், முன்னரே போன உறவினர் யாராவது இரண்டு மூன்று வயதைக் குறைத்து எழுதிவிடுவார்கள். சாதக வயதில் திருமணமும் ரயில் வயதில் சம்பளமுமாக நாங்கள் வாழ்ந்துவிட்டோம். அதைக் குற்றமாக ஒருவரும் நினைத்ததில்லை.

முகவர் சிரித்துக்கொண்டே சாதகத்தைச் சுருட்டிக் கொடுத்தார். "இதை உள்ள வைச்சுப் பூட்டுங்கோ அக்கா. நான் காணேல்லை."

பிறகு படிவத்தில் இருந்த ஆங்கிலக் கேள்விகளைத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கசம் (நுரையீரலைத் தின்னும் நோய்) இருந்ததா? சலரோகம் (சிறுநீரில் சர்க்கரை போகும் நோய்)? குடலிறக்கம்? வீக்கத்தைப் பற்றி அறியாத பரமேஸ்வரி பக்கத்தில் நின்றாள். இல்லை, இல்லை, இல்லை என்றேன். மூன்றாவது இல்லையைச் சொல்லும்போது என் கை, உடுத்திருந்த சாரத்தின் மேல், அந்த இடத்தில் இருந்தது.

பங்குனியில், கம்பனி குறித்துத் தந்த டொக்டரிடம் போக யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். பின்னர் எழுந்து நிற்கச் சொல்லி, தொடைக்கு மேலே இரண்டு விரலை வைத்தார்.

"இருமுங்கோ."

மெதுவாக இருமினேன்.

"வடிவா இருமுங்கோ. பக்கத்து வீட்டுக்குக் கேக்காது."

இருமினேன். விரலை எடுத்துவிட்டுக் கை கழுவினார். முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"இது இல்லையெண்டு எழுதியிருக்கே?"

"கேக்கேக்க மனிசி பக்கத்தில நிண்டவா ஐயா."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். உள்ளே இருக்கும் நோயை எந்தக் கம்பனியும் காப்புறுதி செய்யாது, இதை மறைத்தால் பிறகு ஒரு சதமும் தராமல் பத்திரத்தையே தள்ளிவிடுவார்கள் என்று விளக்கினார். வெட்டித் தைத்தால் சுகமாகும், பெரியாசுபத்திரியில் போய்க் காட்டுங்கள் என்றார்.

"என்னட்டைச் சீட்டு இல்லை ஐயா."

"என்ன சீட்டு?"

மஞ்சள் சீட்டைப் பற்றிச் சொன்னேன். இங்கே நான் வேலை செய்யாததையும் சொன்னேன்.

"நீங்கள் எங்க வேலை செய்தனீங்கள் எண்டு உங்கட குடலுக்குத் தெரியுமோ? போய்ப் படுங்கோ. வைச்சிருந்தால் ஒருநாளைக்கு இறுகும்."

அன்றே போயிருக்கலாம். பெரியாசுபத்திரி நடந்து போகிற தூரம். வாசல் வரை நடந்தேன். உள்ளே வரிசையில் நிற்கிற சனத்தைப் பார்த்தேன். டொக்டர் இரக்கத்தில் சொல்லியிருப்பார், உள்ளே கேட்பவர் வேறு ஆளாக இருப்பார் என்று தோன்றியது. ஒரு கடையில் இடுப்புப் பட்டி (வீக்கத்தை உள்ளே அழுத்தி வைக்கும் தோல் வார்) வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில், வயதால்தான் கம்பனி தள்ளிவிட்டது என்றேன். பரமேஸ்வரி இரண்டு நாள் கவலையோடு இருந்தாள். "நான் அந்தச் சாதகத்தைக் காட்டியிருக்கக்கூடாது" என்றாள். இந்தக் கதையில் எனக்கு இன்றும் கூசுகிற இடம் இதுதான். அவள் செய்யாத பிழையை அவள் தலையில் ஏற்றி, அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

ஆவணியில் சிறுபோகம் அறுத்துச் சூடடித்தோம். மத்தியானம், ஒரு நெல்மூட்டையைச் சிவலிங்கத்தோடு சேர்ந்து தூக்கினேன். பட்டிக்குக் கீழால் அது வெளியே வந்தது. இம்முறை படுத்தும் உள்ளே போகவில்லை. கல்லைப் போல் இறுகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சத்தி (வாந்தி) எடுக்கத் தொடங்கினேன். வைக்கோலில் கிடந்தபடி, சிவலிங்கத்தைப் போகச் சொல்லிவிட்டு, பரமேஸ்வரிக்கு மட்டும் காட்டினேன். அவள் பார்த்தாள். பட்டியையும் பார்த்தாள்.

"அப்ப வயதாலை இல்லை" என்றாள். அதன் பின்னர் தம்பியைக் கூப்பிட்டு உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பச் சொன்னாள்.

கிளிநொச்சி ஆசுபத்திரியில் பார்த்த அப்போதிக்கரி (உதவி வைத்தியர்) ஐயா, குடல் நெரிபட்டுவிட்டது (இரத்த ஓட்டம் தடைப்படும்படி குடல் இறுகிப்போவது), உடனே வெட்டவேண்டும் என்று அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். பரமேஸ்வரி என் தலைமாட்டில் இருந்தாள். ஆனையிறவில் உப்புக்காற்று உள்ளே வந்தது. நோவுக்கு நடுவிலும் நான் அவளிடம் கேட்டது சேவைக் கடதாசியைக் கொண்டுவந்தாளா என்றுதான்.

"பேசாமல் படுங்கோ."

"கேட்டால் என்ன குடுக்கிறது?"

"என்னைக் கேக்கட்டும். நான் சொல்லுறன்."

பெரியாசுபத்திரி வாசலில் தள்ளுவண்டிலில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில், "கடைசியாச் சாப்பிட்டது எப்ப?" என்று கேட்டார். நான் வேறு கேள்விக்குத் தயாராக இருந்தேன். "காலமை, ஒரு கோப்பை கஞ்சி" என்றாள் பரமேஸ்வரி. அவ்வளவுதான். வண்டில் உள்ளே போனது. வேறெதுவும் ஒருவரும் கேட்கவில்லை.

ஈதர் (மயக்க மருந்து) வாசனையோடு நினைவு போய், தாகத்தோடு திரும்பியது. வெட்டிப் பார்த்தபோது ஒரு முழக் குடல் கறுக்கத் தொடங்கியிருந்ததாம். சூடான உப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் மூடிவைத்துக் காத்திருந்தார்களாம். நிறம் மெல்லத் திரும்பியதாம். திரும்பாவிட்டால் அந்தத் துண்டை வெட்டி எடுத்திருப்போம், இன்னும் இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் அதற்கும் வேலை இருந்திராது என்று சத்திரசிகிச்சை செய்த டொக்டர் சொன்னார். முன்பின் தெரியாத யாரோ என் குடலின் நிறம் திரும்பும்வரை பொறுமையாக நின்றிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் கனநேரம் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த அந்தோனிப்பிள்ளை என்ற கடற்றொழிலாளி. திருக்கை முள் ஏறிக் கால் புண்ணாகிப் படுத்திருந்தார். காப்புறுதி தேடி நான் அலைந்த கதையைக் கேட்டுவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தார்.

"எனக்கு ஆர் காப்புறுதி எழுதுவாங்கள் அண்ணை? திருக்கை வந்து கையெழுத்து வைக்குமே?"

"சிரிக்க வையாதேங்கோ. தையல் இழுக்குது."

"மலாயாக்காரருக்குச் சிரிக்கவும் சீட்டு வேணும் போல."

சிரித்தேன். நொந்தது. ஆனால் நல்ல நோவு.

பன்னிரண்டாம் நாள் தையல் வெட்டி அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று கட்டளை. சிவலிங்கமும் மற்றவர்களும் வரம்பு கட்ட நான் நிழலில் இருந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பரமேஸ்வரி சாதகத்தைப் பற்றிய கதையைத் திரும்ப எடுக்கவே இல்லை. நானாகத்தான் ஒருநாள் குசினி வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "அடுப்புப் புகையுது, தள்ளி நில்லுங்கோ" என்றாள்.

இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. போன மாதம் புளியங்குளத்திலிருந்து ஒருவர் தேடிவந்தார். சிங்கப்பூரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். மலிவாக வியாதிக் காப்புறுதி எங்கே எடுக்கலாம் என்று நான் அறிந்திருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புறப்படும் முன்னரே, அங்கே கட்டிய நிதி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். இருக்கிற நோயை மறைத்து எடுக்கும் பத்திரம் வெறும் கடதாசி. எடுக்க முடியாவிட்டால், அதற்காக ஆசுபத்திரி வாசலில் நின்று திரும்பவேண்டாம்.

அவர் தலையாட்டினார். ஆனால் கண் வேறெங்கோ இருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என்ன வருத்தம் என்று நான் கேட்கவில்லை. எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, சாரத்தைத் தளர்த்தித் தழும்பைக் காட்டினேன். மனைவிக்கே மறைத்தவன், பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவருக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். இந்த உடம்பு எனக்கு மட்டும் சொந்தமானது என்ற எண்ணம் என்னிடமிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது. அது கனபேருடைய கைபட்டது.

"எவ்வளவு காலம் மறைச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பதினொரு மாதம்."

அவர் போன பிறகு அந்தப் பதினொரு மாதத்தையும் நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலபோகத்துக்கு மழை எப்படிப் பெய்தது, என்ன நெல் விதைத்தோம், பொங்கலுக்கு யார் வந்தார்கள், ஒன்றுமே நினைவில் இல்லை. அந்த இடத்தில் வைத்த என் கை மட்டும் நினைவிருக்கிறது. ஆனால் ஆசுபத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளின் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக நினைவிருக்கிறது. எந்தக் காலையில் மழை, எந்தக் காலையில் தேநீருக்குச் சீனி கூட, எந்தக் காலையில் அந்தோனிப்பிள்ளை முதன்முதலாகத் தன் புண்பட்ட காலை நிலத்தில் ஊன்றினார் என்று, கேட்டால் இப்போதும் சொல்வேன்.