அம்சத்தின் ஏற்றப் பலகை

அம்சத்தைத் தெரியாதவர்கள் எங்கள் வடவாற்றங்கரைக் குடிசைகளில் யாருமில்லை. அவள் சிரித்தால் அடுத்த சந்துக் கோழி பயந்து ஓடும். கிழக்கே தன் ஊரில் கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போனபோது பண்ணை ஆள் போட்ட தடியடியில் அவளுக்கு வலது தோள் போய்விட்டது. கை இடுப்புக்கு மேல் எழாது. பிழைக்கத் தஞ்சாவூர் வந்து சிவகங்கைப் பூங்கா வாசலில் கடலை விற்றாள்.

எழுபத்திரண்டில் நகராட்சி எங்களுக்கு ஓர் அடிபம்பு போட்டது. கொடி, மாலை, மைக் செட்டு எல்லாம் வந்தன. எந்த ஆறடி ஆளை மனதில் வைத்துப் போட்டார்களோ, கைப்பிடி எங்கள் பெண்களின் தலைக்கு மேலே நின்றது. மற்றவர்கள் எம்பித் தொங்கி அடித்தார்கள். அம்சத்தால் அதுவும் முடியாது. "கொஞ்சம் அடிச்சுக் குடுங்களேன்" என்று தினமும் குடத்தோடு நிற்க வேண்டும். பண்ணையாரிடமே கெஞ்சாதவள் அப்படி நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

ராசம்மாளிடம் மட்டும் கேட்கமாட்டாள். ஒரே ஊர், இங்கேயும் பக்கத்துக் குடிசை, நடவில் அருகருகே நின்று குலவை போட்டவர்கள். அந்தக் கூலி உயர்வு வேலைநிறுத்தத்தின்போது ராசம்மாள் விடியுமுன் பண்ணை வயலில் நட இறங்கிவிட்டாள். "போனதுகூடப் போவுது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போனாளே" என்பாள் அம்சம். அன்றோடு பேச்சு நின்றது.

ஒருநாள் பூங்காவில் பலகையின் இரு முனையிலும் பிள்ளைகள் உட்கார்ந்து ஏறி இறங்குவதைப் பார்த்தவள், கடலைக் கூடையைப் போட்டது போட்டபடி கீழவாசலுக்கு ஓடினாள். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர் மீரா சாகிப்.

"பாய், கை வேணாம். உக்காந்துக்கிட்டே காலால உந்தித் தண்ணி எடுக்கணும். ஆவுமா?"

"ஆவாம என்ன தங்கச்சி? பஞ்சர் ஒட்டி ஒட்டி எனக்கும் அலுத்துப்போச்சு."

பழைய வண்டி அச்சும் பனஞ்சட்டமும் வந்து இறங்கின. அச்சின் மேல் சட்டம் பலகையாக ஏறியது; அதன் ஒரு முனையை இரும்புக் கம்பியால் பம்பின் கைப்பிடியோடு பிணைத்தார்கள். பாய் எங்கள் பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கால் தரையில் படும் உயரத்துக்குத் தாங்குகட்டையை அறுத்தார். அந்தப் பக்கமாக வந்த நகராட்சி ஓவர்சியர் பார்த்தார். "நான் இதப் பாக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு, ஓரமாக நின்று முழுவதும் பார்த்தார்.

எல்லாவற்றையும் அளந்த நாங்கள் அம்சத்தின் எடையை மறந்துவிட்டோம். அவள் ஒரு முனையில் உட்கார்ந்ததும் மறுமுனையில் இருந்த பாய் விர்ரென்று மேலே போய் அங்கேயே நின்றார்.

"எறக்கி வுடு தங்கச்சி! கைலி நழுவுது!"

பிறகு மணல் மூட்டை வைத்தோம். எடை சரியாக இருந்தது, ஆனால் மூட்டை உந்துமா? இரண்டு ஒல்லிப் பெண்களை நெருக்கி உட்காரவைத்தோம். சிரித்துச் சிரித்தே சேற்றில் விழுந்தார்கள்.

அம்சத்துக்கு ஈடான உடம்பு எங்கள் கரையில் ஒன்றுதான் இருந்தது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் ராசம்மாள் வாசலுக்குத் திரும்பின.

அவள் வந்தாள். காலி குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு மறுமுனையில் உட்கார்ந்தாள். பலகை மட்டமாக நின்றது. இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். யாரும் உந்தவில்லை.

அம்சம் குடத்தைப் பார்த்தாள். தன் தோளைத் தடவினாள்.

"உந்துடீ!"

ராசம்மாள் மேலே போனாள். தண்ணீர் குபுக்கென்று கொட்டியது. யாரோ குலவை போட, கரையே குலவை போட்டது.

"யக்கா, அன்னிக்கிப் புள்ளைவொ பசி தாங்கலக்கா" என்றாள் ராசம்மாள் மேலே போகும்போது.

"தெரியும்டீ. உந்து" என்றாள் அம்சம், தன் முறைக்கு மேலே போகும்போது.

குடம் நிரம்பி வழிந்தது. எடுத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்சத்தின் சிரிப்பில் கோழிகள் ஆற்றுப் பக்கம் பறந்தன.

"ஏ ராசம்மா! சொல்லாம கொள்ளாம எறங்கிடாதடீ! நான் பொத்துன்னு வுளுந்துருவேன்!"

"இனிமே சொல்லாம எறங்கமாட்டேங்க்கா" என்று அழுதுகொண்டே சிரித்தாள் ராசம்மாள்.